ஏலாவிட்டால் கிறுகி வா

திருக்கோவிலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடற்கரைக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட வேண்டாம். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் களப்பும் தென்னையும் என்று விரிந்த சமதரையில் பிறந்து, நில அளவையைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் நெருங்கி நிற்பதைக் காண்பதே அபூர்வம். எங்கள் கரையோரத் தாள்களில் அந்தக் கோடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24 முதல் நவம்பர் 9 வரை நேபாளத்தின் அன்னபூர்ணாச் சுற்றுப்பாதையில் பதினேழு நாள் தனியே நடந்தேன். அப்பாதையின் மிக உயர்ந்த இடமான தோரோங் லா என்னும் கணவாய் 5,416 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் 5ஆம் திகதி காலை, அந்தக் கணவாய்க்கு ஏறக்குறைய 500 மீற்றர் கீழே நின்றுகொண்டு, மேலே ஏறாமல் இறங்கித் திரும்பினேன். பல வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட இந்தப் பதிவு அந்தக் காலையைப் பற்றியது.

புறப்பட்ட இரவு கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட வந்த அம்மா, அந்த ஆண்டுத் தீபாவளிக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்ற வருத்தத்தை ஒரு மாதமாகச் சொல்லி முடித்திருந்ததால், வேறொன்றும் பேசவில்லை. பஸ் நகரும்போது மட்டும் யன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஏலாட்டிக் கிறுகி வந்திரு மகள், அதில ஒரு குறையுமில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் திரும்புவதைக் கிறுகுதல் என்போம். வேறு ஊர்களில் இச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கோ, வந்த வழியைப் பார்த்து முழு உடம்பையும் திருப்புகிற செயலை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் வேறு சொல் கிடையாது.

நடையை எனக்குக் கற்பித்தது மலையன்று, கதிர்காமப் பாத யாத்திரை. ஆடி மாதத் திருவிழாவுக்கு முன் காட்டுப்பாதை திறக்கப்பட்டதும், பொத்துவில், பாணமை கடந்து உகந்தை மலை முருகனை வணங்கி, குமனைக் காட்டுக்குள் நுழைந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து, யாலைக் காடு வழியாகக் கதிர்காமம் சேரும் அந்த நடையை அம்மம்மாவுடன் மூன்று முறை நடந்திருக்கிறேன். அரிசியும் பருப்பும் தண்ணீர்ப் போத்தல்களும் தலையிலும் தோளிலும் போக, வெயிலில் மணல் பாதங்களைச் சுடும். இளைஞர்கள் காலையில் ஓட்டமும் நடையுமாக முன்னே போவார்கள். அம்மம்மா எல்லோருக்கும் கடைசியாக, யாருடைய நடையையும் பார்க்காமல், தன் பாட்டில் வருவார். பிந்திவிடுவோமே என்று நான் அந்தரப்பட்டால், "ஆறுதலா வா சாமி" என்பார். யாத்திரையில் பேத்தியும் சாமிதான். மாலையில் ஆற்றங்கரையில் உலை வைக்கும்போது முன்னே ஓடியவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள், அம்மம்மா விறகு பொறுக்கிக்கொண்டிருப்பார். மெதுவாக என்பதற்கும் மனம் ஆறுவதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல் இருக்கிறது. நேபாளத்தில் முதல் நாளே, சுமை தூக்கி வந்த ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்து "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றபோது, மொழிபெயர்ப்பார் இல்லாமலே அது விளங்கியது.

இந்தப் பயணத்தை எண்ணுகிறவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, சார்க் என்னும் தெற்காசிய அமைப்பின் நாட்டவர் என்ற முறையில், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பிரதேசத்துக்கான அனுமதிச் சீட்டுக்கும் பிற வெளிநாட்டவர் 3,000 நேபாள ரூபா கொடுக்க, நமக்கு 1,000 ரூபாதான். ஆனால் நான் நடந்ததுபோல முற்றிலும் தனியே நடப்பதற்கு இப்போது இடமில்லை. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருடனேயே வெளிநாட்டவர் இத்தகைய பாதைகளில் நடக்க வேண்டும் என்று நேபாள சுற்றுலாச் சபை 2023 ஏப்ரல் 1 முதல் விதித்திருக்கிறது. தனிமையை விரும்புகிறவள் என்றாலும் அந்த விதியை நான் குறை கூறமாட்டேன்; காரணம் கீழே வரும். பருவத்தைப் பொறுத்தவரை, நமக்கு மாரி தொடங்கிப் பெரும்போக விதைப்பு நடக்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களே அங்கு வானம் துலங்கும் காலம். முதுகுப் பை தண்ணீரோடு சேர்த்து 10 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இரவு தங்கத் தேநீர் விடுதிகள் வழிநெடுகிலும் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் வேண்டியதில்லை. குளிர் தாங்கும் உறங்கு பையையும் தடித்த மேலங்கியையும் காத்மண்டுவில் வாடகைக்கு எடுத்தேன். சப்பாத்தை மட்டும் மூன்று மாதம் முன்பே வாங்கி, ஒவ்வொரு மாலையும் கடற்கரை மணலில் நடந்து காலுக்குப் பழக்கினேன்.

பெசிசஹாரில் 760 மீற்றரில் தொடங்கும் பாதை, மர்ஸ்யாங்டி ஆற்றை எதிர்த்து மேலே போகிறது. முதல் நாட்களில் இருபுறமும் நெல்வயல்கள்தான். ஆனால் ஒவ்வொரு வரம்பும் ஒரு படி. அம்பாறையின் வயல்வெளியில் ஒரு வரவையிலிருந்து அடுத்த வரவைக்கு இருக்கும் உயர வேறுபாட்டை அளக்கக் கருவி வேண்டும். அங்கே ஒரு குடும்பத்தின் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு இறங்கவே மூச்சு வாங்கியது. இப்போது மனாங் வரை ஜீப் பாதை வெட்டியிருக்கிறார்கள். புழுதியைத் தவிர்க்க விரும்புவோருக்காக எதிர்க்கரையிலும் மலைச்சரிவிலும் நடைபாதைகள் குறிக்கப்பட்டுள்ளன. பாறையிலும் மரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய கோடு பிரதான நடைபாதையைக் காட்டும், நீலமும் வெள்ளையும் கிளைப்பாதையைக் காட்டும். ஜீப் பாதையில் நடந்துவிட்டு இந்தச் சுற்று கெட்டுப்போயிற்று என்பவர்கள், அந்தச் சிவப்புக் கோடுகளைத் தேடிப் போயிருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

27ஆம் திகதி, தீபாவளி இரவில், தாராபானியில் தங்கினேன். நேபாளிகள் அந்நாட்களைத் திஹார் என்று கொண்டாடுகிறார்கள். விடுதிக்காரப் பெண் வாசலில் விளக்கேற்றி, என்னையும் ஒன்றை ஏற்றச் சொன்னார். நான் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட, அவர் என்னைத் தங்கை என்னும் பொருளில் பஹினி என்று கூப்பிட்டார். தனியே வந்த பெண் என்று வழியில் எல்லோரும் வியந்தது உண்மை. ஆனால் இந்த முறைப்பெயர்கள் வாயில் வந்தபின் நான் அந்நியளாக எந்த வீட்டிலும் உறங்கவில்லை.

மறுநாள் சேர்ந்த சாமே 2,670 மீற்றரில் இருக்கிறது. இலங்கையின் அதியுயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். அந்தச் சிறிய ஊரின் கடைத்தெருவில் நின்று தேநீர் குடித்தபோது, நம் நாட்டின் எந்த மண்ணையும்விட உயரத்தில் நிற்கிறேன் என்பதையும், கணவாய் இன்னும் இவ்வளவு உயரம் மேலே இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாள் மேல் பிசாங்கில், 7,937 மீற்றர் உயரமான இரண்டாம் அன்னபூர்ணா, பள்ளத்தாக்கின் மறுபுறம் முழுச் சுவராக எழுந்து நின்றது. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் புல்லில் படியும் ஈரம். இந்த வெண்மையையும் அதே சொல்லால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்குறிப்பில் அன்று அதற்குப் பெயரிடாமலே எழுதியிருக்கிறேன்.

மனாங் 3,540 மீற்றர். அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் சிறிய மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது. பருவ காலத்தில் பிற்பகல்களில் தன்னார்வ வைத்தியர்கள் உயர நோய் பற்றி உரையாற்றுகிறார்கள். இந்தப் பாதையில் போகும் எவரும் அதைத் தவறவிடக் கூடாது. கடல்மட்டத்திலும் கணவாயிலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு ஒன்றே, ஏறத்தாழ 21 வீதம். குறைவது காற்றின் அழுத்தம். 5,400 மீற்றரில் அது கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதியே கிடைப்பதால் உடம்பு வேகமாக மூச்செடுக்கிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை கூட, அதைச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரிசெய்கிறது. இந்தச் சரிசெய்தலுக்கு நாட்கள் வேண்டும். உடல் வலிமையோ இளமையோ அதை விரைவுபடுத்தாது. டயமொக்ஸ் என்று விற்கப்படும் அசற்றசோலமைட் குளிசை ஓரளவு துணைசெய்யும், ஆனால் அதையும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். 3,000 மீற்றருக்கு மேல், முந்திய இரவு உறங்கிய உயரத்திலிருந்து ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் ஏறி உறங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதே வைத்தியர் சொன்னதன் சாரம். பகலில் இன்னும் உயரே ஏறலாம், உறங்க இறங்கிவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். கங்காபூர்ணா ஏரிக்கு மேலே ஏறி இறங்கி, இரண்டு நாள் ஓய்வும் எடுத்தேன். நவம்பர் 3ஆம் திகதி யாக் கர்காவில், ஏறத்தாழ 4,050 மீற்றரில், நன்றாகவே உறங்கினேன்.

எழுதி வைத்ததை மறுநாளே மீறினேன். 4ஆம் திகதி தோரோங் பேடியில், ஏறக்குறைய 4,500 மீற்றரில், தங்குவதே என் திட்டம். பகலுணவுக்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டேன். அங்கு சந்தித்த மூவர், மேல் முகாமுக்கு ஏறிவிட்டால் மறுநாள் கணவாய் அருகில் இருக்கும் என்றும், நானும் வந்தால் சேர்ந்து கடக்கலாம் என்றும் அன்போடு அழைத்தார்கள். கணவாயைத் தனியே கடக்க வேண்டுமே என்ற அச்சம் எனக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்த அச்சம்தான் என்னை இழுத்தது, அவர்கள் அல்லர். 4,880 மீற்றருக்கு, செங்குத்தான சரளைச் சரிவில், அவர்களுடைய வேகத்தில் ஏறினேன். யாக் கர்காவில் உறங்கியதிலிருந்து 800 மீற்றருக்கு மேல் ஒரே நாளில் ஏறியிருந்தேன். தனியே நடப்பவருக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான் என்று இன்று நினைக்கிறேன்: துணை வேண்டி, பிறருடைய நடையைக் கடன் வாங்குவது. மூன்று யாத்திரைகளில் அம்மம்மா என் கண் முன்னே நடந்து காட்டியதை அந்த ஒரு பிற்பகலில் மறந்தேன்.

இரவு பதினொரு மணியளவில் தலைவலி தொடங்கியது. நெற்றியின் இருபுறமும் கயிற்றால் இறுக்குவதுபோன்ற வலி. பனடோலுக்கு அது அசையவில்லை. இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தேன். அறைக்குள் தண்ணீர்ப் போத்தல் பாதி உறைந்திருந்தது. மனாங்கில் வைத்தியர் சொல்லித் தந்த சோதனையை, நெற்றியில் கட்டிய ரோச் லைற் வெளிச்சத்தில், தரைப்பலகையின் கோட்டின்மேல் செய்தேன்: ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டவைத்து நேராக நடக்க வேண்டும். கால் தடுமாறினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்நேரமே இறங்க வேண்டும். கோட்டிலிருந்து கால் விலகவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ நேர்கோடுகளை அளந்திருக்கிறேன். அந்தப் பலகைக் கோட்டைப்போல எதையும் பயந்து பார்த்ததில்லை. தடுமாற்றம் இல்லை என்றாலும், தலைவலியும் வாந்தியும் இருக்கும்போது ஒரு மீற்றரும் மேலே ஏறக் கூடாது என்பதில் ஐயமில்லை.

நான்கரை மணிக்கு அந்த மூவரும் கதவைத் தட்டினார்கள். வரவில்லை என்றேன். காத்திருக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தேன். பல குழுக்களின் விளக்குகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. எங்கள் கரையிலிருந்து இருட்டில் கடலுக்குப் போகும் வள்ளங்களின் வெளிச்சத்தை அம்மாவுடன் நின்று பார்ப்பதுபோல இருந்தது. அந்த வரிசையில் நான் இல்லை என்பது வலித்தது. ஒரு வருடச் சேமிப்பு, வாங்கிய விடுப்பு, தீபாவளியை விட்டுவிட்டு வந்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு பஸ் யன்னலைப் பிடித்த கையும் நினைவுக்கு வந்தது. வெளிச்சம் வந்ததும் விடுதிக்காரரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல், வெறும் சிலிண்டர்களுடன் கீழே இறங்கவிருந்த சுமைகாரர் ஒருவரிடம் என்னை ஒப்படைத்தார். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டார். பேடிக்கு வரும்போதே தலைவலி பாதியாகிவிட்டது. நண்பகலில் யாக் கர்காவில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இவ்வளவு எளிய மருந்து வேறு எந்த நோய்க்காவது உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அதை எடுக்க மனம் உடன்படுவதுதான் கடினம். வழிகாட்டி ஒருவர் கூட இருந்திருந்தால் மேல் முகாமுக்கு ஏற விட்டிருக்கமாட்டார். புதிய விதியை நான் குறை கூறாததற்குக் காரணம் அதுவே.

யாக் கர்காவில் மறுநாளும் தங்கியிருந்தபோது வேறொரு கவலை வந்தது. வங்காள விரிகுடாவில் புல்புல் என்னும் சூறாவளி உருவாகி வருவதாக 6ஆம் திகதி செய்தி பார்த்தேன். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் அதற்கு என்ன கவலை என்று தோன்றலாம். ஆனால் விடுதியில் இருந்த நடுத்தர வயதுத் தீதி, விரிகுடா என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார். 2014 ஒக்ரோபர் 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் சூறாவளியின் எச்சம், இரண்டு நாள் கழித்து, 14ஆம் திகதி, தோரோங் கணவாயில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. கணவாயிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் 40இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் நேபாளிகளும் வெளிநாட்டவரும் இருந்தார்கள். காலையில் வானம் மோசமாக இருந்தும் கடந்துவிடலாம் என்று ஏறியவர்களும் அவர்களில் உண்டு என்றார் தீதி. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அன்றிரவு எங்கள் வீட்டுக் கூரை போனதையும், விடிந்தபோது நின்ற தென்னை ஒன்றுகூட இல்லாததையும் அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரே கடல் எங்கள் தென்னைகளையும் சாய்த்து, அவர்களுடைய மலையிலும் ஆட்களைப் புதைத்திருக்கிறது. ஆங்கிலமும் இந்தியும் கலந்த அரைகுறைப் பேச்சில் நாங்கள் இருவரும் அடுப்படியில் இருந்து இதைப் பேசிய அந்த மாலை, பயணம் முழுவதிலும் எனக்கு மிக நெருக்கமான மாலை.

புயல் வடக்கு நோக்கி நகர்கிறது, கரையேற இன்னும் சில நாள் இருக்கிறது என்று கண்டு, வானத்தையும் விடுதிக்காரர்களின் சொல்லையும் பார்த்து, 7ஆம் திகதி பேடிக்கு ஏறி அங்கேயே உறங்கினேன். 8ஆம் திகதி நான்கு மணிக்குப் புறப்பட்டேன். இம்முறை நாற்பது அடி நடை, பத்து மூச்சு ஓய்வு. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கால் விரல்கள் மரத்துப்போயின. ஒவ்வொரு மேட்டுக்கு அப்பாலும் இன்னொரு மேடு இருந்தது. ஒன்பதரை மணியளவில் வழிபாட்டுக் கொடிகள் தெரிந்தன. கணவாயின் உயரத்தை எழுதிய பலகையும், ஒரு சிறு தேநீர்க் கடையும், எல்லாத் திசையிலும் மலையும். அழுதேன் என்பதைத் தவிர அங்கு நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காற்று பலக்கும் முன் இறங்க வேண்டும் என்பதால் இருபது நிமிடத்தில் புறப்பட்டுவிட்டேன். முக்திநாத் வரை ஒரே மூச்சாக 1,600 மீற்றர் இறக்கம், முழங்கால்களுக்கு அதுவே அந்நாளின் கடும் பகுதி.

முக்திநாத்தில் 108 மாட்டுத்தலைத் தாரைகளிலிருந்து மலைநீர் கொட்டுகிறது. ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று வைணவர்கள் கொள்கிறார்கள். பௌத்தர்களுக்கும் இது புனித இடம். அருகிலுள்ள சிறிய ஆலயத்தில் பாறையிடுக்கில் கசியும் இயற்கை வாயுவால் ஒரு சுடர் எரிந்துகொண்டே இருக்கிறது, அதைப் பிக்குணிகள் பேணுகிறார்கள். கதிர்காமத்தில் இரு சமயத்தாரும் ஒரே வாசலில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் எதுவும் புதிதாகத் தோன்றாது. 108 தாரையின் கீழும் ஓடி நனைந்தேன். மாணிக்க கங்கையில் முழுகியதைப்போல இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் எலும்பு வரை குளிர்ந்தது.

அடுத்த நாள் காக்பேணியில் காளி கண்டகி ஆற்றுப் படுகையில் கறுத்த கல்லொன்றைக் கண்டெடுத்தேன். உள்ளே சுருள் சுருளாக ஒரு சங்கின் வடிவம். சாளக்கிராமம் என்று பூசிக்கப்படும் இக்கற்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இம்மலைகள் எழாத காலத்தில் இங்கிருந்த தெத்திசுக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் படிமங்கள். வீட்டு வாசலில் கடலை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவளுக்கு, வந்த இடத்திலும் கடல் கையில் கிடைத்தது. கல்லை ஆற்றிலேயே வைத்துவிட்டேன்.

அன்று மாலைதான் அம்மாவுடன் விரிவாகப் பேச முடிந்தது. ஊரில் மழை பிடித்துவிட்டது, விதைப்பு முடிந்தது என்றார். அதுவரை மறைத்து வைத்திருந்ததை, மேல் முகாமில் நோயுற்றுக் கிறுகி இறங்கியதை, சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அம்மம்மாவைப் பற்றிப் பேசினார். நான் பிறப்பதற்கு முன் ஒரு வருடம், குமுக்கன் ஆற்றங்கரையில் அம்மம்மாவுக்குக் கடும் காய்ச்சல் பிடித்ததாம். கூட வந்தவர்கள் தூக்கிக்கொண்டாவது போகிறோம் என்று சொல்லியும் கேட்காமல், எதிரே வந்த ஒரு குடும்பத்தோடு காட்டை விட்டு வெளியேறினாராம். உகந்தையில் மடத்தில் படுத்து, காய்ச்சல் விட்டபின், அங்கேயே திருவிழா முடியும் வரை இருந்து, உகந்தைக் கடலில் தீர்த்தமாடிவிட்டு வீட்டுக்கு வந்தாராம்.